குளம்புச் சாமியும் கலெக்டரும்

எர்ணாவூரில் வெள்ளிக்கிழமை என்றால் இப்போதெல்லாம் கண்டெய்னர் லாரிகூட ஓரம் கட்டிவிடுகிறது. கட்டாமல் என்ன செய்யும்? சாலை முழுக்க மாடு. சீமைப் பசு, நாட்டுப் பசு, எருமை, காளை, கன்றுக்குட்டி. ஒவ்வொன்றும் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குடும்பம். கையில் எலுமிச்சம்பழம், மடியில் காணிக்கை, முகத்தில் பக்தி. மாட்டின் முகத்தில் மட்டும் கொஞ்சம் சந்தேகம்.

எல்லோரும் போவது கடலோரத்துப் பழைய கிடங்குக்கு. அங்கேதான் குளம்புச் சாமி எழுந்தருளியிருக்கிறார்.

குளம்புச் சாமியைத் தெரியாதா? அப்படியானால் உங்கள் போனில் நெட் தீர்ந்துபோயிருக்கும். 'ஒரே நொடியில் நொண்டி மாடு நடந்த அதிசயம்' என்று ஒரு வீடியோ. 'மாட்டு டாக்டர்கள் அதிர்ச்சி' என்று இன்னொன்று. எந்த டாக்டர், எந்த ஊரில் அதிர்ந்தார் என்று அதில் இல்லை. அதையெல்லாம் கேட்கிறவன் அந்த வீடியோவைப் பார்க்க மாட்டான்.

சாமியின் சித்தாந்தம் சுலபமானது. மாடு நொண்டினால் அது கால் வலி அல்ல, ஏவல். பொறாமைக்காரன் ஒருவன் சுடுகாட்டு ஆணியில் தலைமுடியைச் சுற்றி, மந்திரம் ஏற்றி, உங்கள் மாட்டின் குளம்புக்குள் அனுப்பிவிட்டான். எப்படி அனுப்பினான்? காற்று வழியாக. கூரியர் செலவுகூட இல்லை. சாமி மஞ்சள் குழைத்த கையால் குளம்பைத் தடவுவார், கண்ணை மூடுவார், ஒரு உறுமல் உறுமுவார், ஆணியை எடுத்து உயரத் தூக்கிக் காட்டுவார். கூட்டம் கதறும்.

சாமியிடம் மத பேதம் கிடையாது. விபூதி கேட்டால் விபூதி, தாயத்து கேட்டால் தாயத்து, மெழுகுவர்த்தி கேட்டால் மெழுகுவர்த்தி. மத நல்லிணக்கத்துக்கு யாராவது விருது கொடுப்பதாக இருந்தால் முதல் விருது ஏமாற்றுக்காரர்களுக்குத்தான் போக வேண்டும். அவர்கள்தான் எல்லாப் பையிலும் ஒரே அன்போடு கை வைக்கிறார்கள்.

ஆனால் சட்டதிட்டம் கறார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். முன்பக்கம் கருங்கல் ஜல்லி கொட்டிய பாதை இருக்கிறது. மாடும் மனிதரும் அந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ஆணி எடுத்தபிறகு பின்பக்கமாகக் கடற்கரை மணலில் இறங்கிப் போக வேண்டும். வந்த வழியே திரும்பக் கூடாது. திரும்பிப் பார்க்கவும் கூடாது. பார்த்தால் ஏவல் ஓடிவந்து மறுபடியும் ஒட்டிக்கொள்ளும்.

ஏன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஒருவரும் கேட்கவில்லை. திருஷ்டி கழித்தாலும், பேயை ஓட்டினாலும், சுடுகாட்டுக்குப் போய்வந்தாலும் நம் ஊரில் காலங்காலமாக இதையேதான் சொல்கிறார்கள். பழகிய வாக்கியத்தைக் கேட்டால் நமக்குக் கேள்வி வருவதில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கைதான் வருகிறது.

இந்தக் கூட்டத்தில் கெங்கம்மாவும் இருந்தாள். அவளோடு கலெக்டரும் வந்திருந்தது.

பதற வேண்டாம். கலெக்டர் என்பது மாடு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் நட்டநடுவில் வந்து நிற்கும். பின்னால் லாரிகள் வரிசை கட்டி அலறும். அது பாட்டுக்கு ஒரு சுவரொட்டியை மென்றுகொண்டு, தனக்குத் தோன்றியபோது நகரும். "கலெக்டரம்மா வந்தாத்தான் இப்டி டிராபிக் நிக்கும்" என்று கெங்கம்மாவின் புருஷன் கிருஷ்ணப்பன் ஒருநாள் சொன்னான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, "வூட்டாண்ட கலெக்டர் சாணி போட்டு வெச்சிகீது, போய் அள்ளணும்" என்று கெங்கம்மா சொன்னால் புதிதாகக் குடிவந்தவர்கள் இரண்டடி பின்வாங்குவார்கள்.

அந்தக் கலெக்டருக்குத்தான் இடது பின்னங்கால் கீழே ஊன்ற முடியவில்லை. தீனி குறைந்தது. பால் வற்றிக்கொண்டே வந்தது. கிருஷ்ணப்பன் லாரி ஷெட் வாட்ச்மேன் வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு அந்தப் பால்தான் குடும்பத்துக்குச் சோறு. இருந்தும் கெங்கம்மாவை அழவைத்தது பால் அல்ல. படுத்த மாடு எழுந்திருக்க முடியாமல், அவளைப் பார்த்து மூச்சை இழுத்து விட்ட விதம்தான்.

கிருஷ்ணப்பன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இந்தாமே, இத்தப் பாரு. குளம்புச் சாமி. நம்ம எர்ணாவூர்லயே கீறாரு."

போனார்கள். ஜல்லிப் பாதையில் கலெக்டர் கண்ணீர் விடாத குறையாக நொண்டியது. சாமி ஆணி எடுத்தார். பின்பக்கம் மணலில் இறக்கினார்கள். என்ன ஆச்சரியம்! கலெக்டர் நாலு காலையும் ஊன்றி நடந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்த சாமியின் சீடன் வில்சன், "ஏவல் ஒழிந்தது! நொண்டி நடந்தது!" என்று முழங்கினான். கெங்கம்மா ஆனந்தக் கண்ணீரில் பாதிக் கடலை நிரப்பினாள்.

மணல் முடிந்து தார் ரோடு வந்தது. கலெக்டர் மறுபடி நொண்டியது.

கிருஷ்ணப்பன் முறைத்தான். "நீ திரும்பிப் பாத்தியாமே?"

கெங்கம்மா பார்த்திருந்தாள். பார்க்காமல்? செருப்பு முன்வாசலில் கிடந்தது. ஆளைப் பின்வாசலில் இறக்கிவிட்டார்கள். செருப்பை எல்லாம் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு வில்சனின் ஆட்கள் வருவார்கள், காணிக்கை போட்டால் தேடி எடுத்துக்கொள்ளலாம். புதுச் செருப்பு வைத்திருக்கும் எந்தப் பெண் அப்போது திரும்பிப் பார்க்காமல் இருப்பாள்?

இரண்டாவது வெள்ளிக்கிழமை அவள் உஷாரானாள். வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டுவதுபோல இரண்டு கைகளையும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மணலில் நடந்தாள். ஒரு கருவாட்டுக் கூடையில் இடித்துக்கொண்டாள். ஒரு தாத்தாவின் மேல் ஏறினாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. தார் ரோடு வந்தது. கலெக்டர் நொண்டியது.

ஓடிப்போய்ச் சாமியிடம் முறையிட்டாள். "சாமி, சத்தியமா நான் திரும்பிப் பாக்கல!"

சாமி கண்ணை மூடினார். சிரித்தார். "நீ பார்க்கவில்லை மகளே. மாடு பார்த்தது."

இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? மாட்டைக் கேட்டால் அதுவும் தலையை ஆட்டுகிறது.

அதோடு விட்டாரா? குரலைத் தாழ்த்தினார். "மூன்றாவது முறையும் நொண்டினால் அது சனி முற்றிய மாடு. வீட்டில் வைத்திருந்தால் ஆண்பிள்ளைக்கு ஆகாது. ஆசிரமத்துக்குத் தானம் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது நாளில்..." என்று நிறுத்தி, கிருஷ்ணப்பனை ஒரு பார்வை பார்த்தார். கிருஷ்ணப்பனுக்கு வேட்டி தளர்ந்துவிட்டது.

அந்தத் தானத்துக்கென்றே ஒரு லாரி நின்றது. மணல் முடிந்து தார் ரோடு தொடங்கும் இடத்தில், பலகையைச் சாய்த்துவைத்துத் தயாராக நின்றது. பக்கத்திலேயே தார்ப்பாய் கட்டிய ஒரு கொட்டடி. மூன்றாவது முறையும் நொண்டிய மாடுகள் அதற்குள் கட்டிக்கிடந்தன. ஆசிரமம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் வில்சன் வடக்கே கை காட்டுவான். வடக்கே ஆந்திராவும் இருக்கிறது, இமயமலையும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கிருஷ்ணப்பன் ஒரே பிடிவாதம். "மாட்டைக் குடுத்துடுமே. நானா, அதுவா?"

கெங்கம்மா யோசித்தாள். அவள் அவ்வளவு நேரம் யோசித்தது கிருஷ்ணப்பனுக்குப் பிடிக்கவில்லை.

ரயில்வே கேட் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவள் ரஹீமுன்னிசா. கலெக்டரின் பால் பாதிக்கு மேல் அவள் கடைக்குத்தான் போகும். வாய் என்றால் வாய், டீ மாதிரியே சூடு. மூன்றாவது வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் கெங்கம்மா அவளிடம் போய்க் குந்தினாள்.

"நாளைக்குக் கலெக்டரை ஏத்திடுவாங்க ரஹீமக்கா."

"இன்னாத்துக்கு ஏத்தணும்? மாட்டாஸ்பத்திரி இல்ல? ஆஃபியான்னு ஒரு டாக்டரம்மா வந்துகீது. காலைத் தூக்கிப் பாக்கும். இட்டுனு போயேன்."

"ஏவலுக்கு ஊசி போட்டா கேக்குமா அக்கா?"

"ஏன், ஏவலு இன்னா, ஊசின்னா பயப்படாதா? எங்க தெருவுலயும் ஒருத்தன் கீறான், தகடு எழுதித் தர்றவன். எம் பையனுக்குக் காமாலை வந்தப்ப தகடு கட்டுன்னான். நீ மொதல்ல உன் சொத்தைப் பல்லுக்கு ஒரு தகடு கட்டிக்கோ, சரியாச்சுன்னா வரேன்னேன். அதுலேர்ந்து என்னைப் பாத்தா அடுத்த தெரு வழியாப் போறான்."

கெங்கம்மா மூக்கைச் சிந்தினாள். "ஆனா மணல்ல நல்லா நடக்குதே அக்கா. நானே என் கண்ணால பாத்தேனே."

ரஹீமுன்னிசா டீ ஆற்றுவதை நிறுத்தினாள். "அத்த நானும் பாக்கணும். நாளைக்கு நானும் வரேன். கடையை எம் பையன் பாத்துக்கட்டும்."

மறுநாள் கூட்டம் அலைமோதியது. ரஹீமுன்னிசா செருப்பைக் கழற்றிவிட்டு ஜல்லியில் கால் வைத்தாள்.

"யா அல்லா!"

கூர்கூராக உடைத்த கருங்கல். இரண்டு எட்டு வைப்பதற்குள் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். கெங்கம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். முன்னால் பார்த்தாள். பின்னால் பார்த்தாள். அவள் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது.

"கெங்கா, தோ பாரேன். அந்த மஞ்ச சட்டைக்காரரு நொண்டுறாரு. அந்த அம்மா நொண்டுது. அந்தக் குண்டு ஆளு ரெண்டு காலுலயும் நொண்டுறாரு. உன் வூட்டுக்காரரு கொக்கு மாதிரி ஒத்தக் காலுல நிக்கிறாரு. நானும் நொண்டுறேன். எனக்கு யாரு வெச்ச ஏவலு?"

"சும்மா இரு அக்கா. சாமி காதுல வுழுந்துடும்."

"வுழட்டும். வுழுந்தா எடுத்துத் தருவாரு, அதுதானே அவரு தொழிலு."

கிடங்கின் நடுவில் மேடை. மேடையில் சாமி. நெற்றி நிறைய குங்குமம், கழுத்து நிறைய ருத்திராட்சக் கொட்டை, தோளில் காவித் துண்டு, காலில் வழவழவென்று கட்டைப் பாதக்குறடு. அந்த வளாகத்திலேயே காலில் ஏதாவது போட்டிருந்த ஒரே ஜீவன் அவர்தான். ரஹீமுன்னிசாவின் கண் முதலில் அங்கேதான் போனது.

கலெக்டரின் முறை வந்தது. சாமி குளம்பைத் தடவினார். உறுமினார். முடி சுற்றிய ஆணியைத் தூக்கிக் காட்டினார். அதே மாட்டின் அதே காலில் எடுக்கப்பட்ட மூன்றாவது ஆணி அது. கலெக்டரின் கால் என்ன, ஹார்டுவேர் கடையா என்று கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"கடைசிச் சோதனை!" என்று வில்சன் மைக்கில் முழங்கினான். "மணல் தாண்டி ரோட்டிலும் நடந்தால் மாடு வீட்டுக்கு! நொண்டினால் சாமிக்கு!"

மணலில் இறங்கினார்கள். கலெக்டர் ராஜநடை நடந்தது. கூட்டம் கைதட்டியது. கிருஷ்ணப்பன் கும்பிட்டான். தூரத்தில் லாரிக்காரன் பலகையைச் சரிசெய்தான். கெங்கம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக அந்தத் தார் ரோட்டை நோக்கிப் போனாள். இன்னும் கொஞ்ச தூரம்தான். அதற்கப்புறம் கலெக்டர் அவளுடையதல்ல.

"நில்லு கெங்கா!"

ரஹீமுன்னிசா மணலில் நின்று தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலைத் தூக்கினாள், வைத்தாள். மறு காலைத் தூக்கினாள், வைத்தாள். பிறகு மேடையைப் பார்த்துத் திரும்பினாள். ஆம், திரும்பியே பார்த்தாள்.

"சாமி! ஒரு டவுட்டு!"

"கேள் மகளே."

"உள்ள வரச்சொல்ல நான் நொண்டிகினு வந்தேன். இப்ப நல்லா நடக்கிறேன். என் கால்ல நீ ஒரு ஆணியும் எடுக்கலியே?"

எல்லோரும் குனிந்து தத்தம் காலைப் பார்த்தார்கள். மஞ்சள் சட்டைக்காரர் மணலில் மெல்லக் குதித்துப் பார்த்தார்.

"ஆமாய்யா! எனக்கும் சரியாப் பூடுச்சு!"

"எனக்கும்!"

"சாமி பார்வை பட்டதுக்கே!" என்று ஒரு பெண் கதறிக்கொண்டு விழுந்தாள். வில்சன் விடுவானா? "இன்றைய சிறப்பு! மனிதர்களுக்கும் குணம்! மனிதர்களுக்கும் குணம்!" என்று மைக்கைக் கடித்தான். காணிக்கைத் தட்டு இன்னொரு சுற்று வந்தது.

ரஹீமுன்னிசா நெற்றியில் அடித்துக்கொண்டாள். இருட்டில் இருக்கிறவனுக்கு விளக்கைக் காட்டினால் விளக்கைக் கும்பிடுகிறான். சரி, கும்பிடுகிறவர்களை வைத்தே காரியத்தை முடிக்கலாம் என்று முடிவு செய்தாள்.

"அப்டீன்னா இன்னொரு அதிசயமும் பாக்கலாம்!" என்று கத்தினாள். "நம்மளால வந்த வழி திரும்ப முடியாது. ஏவல் ஒட்டிக்கும். சாமிக்கு எந்த ஏவல் ஒட்டும்? நம்ம எல்லாருக்காகவும் சாமி அந்த ஜல்லியில ஒரு நடை நடந்து காட்டட்டும். அந்தக் கட்டையைக் கழட்டிட்டு, வெறுங்காலோட!"

"நட சாமி!" என்றார் மஞ்சள் சட்டைக்காரர், மெய்சிலிர்த்து.

"காட்டு சாமி!" என்றது கூட்டம்.

சாமியின் முகத்தில் குங்குமம் மட்டும் சிவப்பாக இருந்தது, மீதி வெளுத்துவிட்டது. "இன்று... இன்று நாள் சரியில்லை" என்றார். பக்தர்கள் விடவில்லை. நாள் நட்சத்திரம் எல்லாம் மனிதர்களுக்குத்தான், சாமிக்கு ஏது? இரண்டு பேர் அன்போடு அவர் காலைப் பிடித்தார்கள். பாதக்குறட்டைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான்கு பேர் அவரை அலுங்காமல் தூக்கி ஜல்லியின் மேல் இறக்கினார்கள். உண்மையான பக்தியைப் போல ஒரு சாமியாருக்கு ஆபத்தானது உலகத்தில் வேறில்லை.

சாமி ஒரு அடி எடுத்து வைத்தார்.

"ஸ்ஸ்..."

இரண்டாவது அடி.

"ஐயோ! அம்மாடி!"

மூன்றாவது அடியில் குளம்புச் சாமி இடதுபக்கம் சாய்ந்து, வலது காலைத் தாங்கி, கைகளை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு நொண்டினார். அன்றைக்கு அந்தப் பாதையில் எந்த மாடும் அவ்வளவு அழகாக நொண்டியிருக்கவில்லை. நான்காவது அடியில் குப்புற விழுந்தார். விழுந்த வேகத்தில் இடுப்பு மடிப்பு அவிழ்ந்தது. அதிலிருந்து ஜல்லியில் சிதறின முடி சுற்றிய ஆணிகள், ஒரு கைப்பிடி நிறைய. இன்னும் வந்து சேராத மாடுகளின் குளம்பிலிருந்து எடுக்கப்பட வேண்டியவை.

"சாமிக்கு யாருபா ஏவல் வெச்சது?" என்று கேட்டாள் ரஹீமுன்னிசா.

முதலில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு இன்னொருவர். சிரிப்பு கிடங்கின் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. கும்பிட்ட கைகள் மெதுவாக இறங்கி இடுப்புக்கு வந்தன.

கெங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கலெக்டரின் கயிற்றைச் சுண்டினாள். மாட்டைத் திருப்பினாள். வந்த வழியே, எந்த வழியில் திரும்பினால் சர்வநாசம் என்றார்களோ அந்த வழியே, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓட்டிக்கொண்டு வந்தாள். மணலிலிருந்து ஏறி, கிடங்கைக் கடந்து, ஜல்லியில் கால் வைத்ததும் கலெக்டர் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டது. திரும்பவும் மணலில் இறக்கினாள். நடந்தது. திரும்பவும் ஜல்லி. நொண்டியது.

"அடப்பாவி" என்றாள் கெங்கம்மா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "கல்லு குத்துனா நோவுது. மணல்ல பொதைஞ்சா நோவல. இத்தப் பாக்கவா மூணு வாரம் கண்ணைப் பொத்திகினு நடந்தேன்? என் மாடு நொந்துகினு கீது. நான் உன் கால்ல வுழுந்துகினு கீறேன்."

சாமி எழுந்து உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். முன்னால் கிருஷ்ணப்பன் வாயைப் பிளந்து நின்றான். கூட்டத்திலேயே ஏமாந்த முகம் அதுதான் என்று சாமிக்கு அனுபவம் சொன்னது. விந்திக்கொண்டே எழுந்து வந்து, தோளில் இருந்த காவித் துண்டை உருவி, தன் கைமேல் போட்டு, துண்டுக்கு அடியில் கிருஷ்ணப்பனின் கையைப் பிடித்தார்.

கிருஷ்ணப்பனின் கண் விரிந்தது.

"அய்யே! இன்னாமே இது! கெங்கா! சாமி துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சி வெலை பேசுதுமே! உன் பொண்டாட்டியை அடக்கு, இத்தினி தரேன்னு வெரலை அமுக்குது!"

மாடு வைத்திருக்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சந்தையில் மாட்டுத் தரகர்கள் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம் பேசுவார்கள். வேதம் படித்த எந்த ரிஷிக்கும் அந்தப் பாஷை தெரியாது. காலை ஊன்ற முடியாத மாட்டை மெத்தென்ற மண்ணில் நடத்திக்காட்டி நல்ல மாடென்று விற்றுவிடுவதும் அதே தரகர்களின் பழைய வித்தை. குளம்புச் சாமி செய்த ஒரே புதுமை, வித்தைக்குக் குங்குமம் வைத்ததுதான்.

"தரகன்டா!" என்று ஒருவர் கத்தினார்.

"அப்ப அந்தக் கொட்டடில கீற மாடெல்லாம்?"

அவ்வளவுதான். சனி முற்றிய மாடுகளின் சொந்தக்காரர்கள் தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். ஆளாளுக்குத் தன் மாட்டை அடையாளம் கண்டு கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒரு அம்மா அவசரத்தில் அடுத்தவர் எருமையைக் கட்டிக்கொண்டு அழுதாள். லாரிக்காரன் பலகையைக்கூட எடுக்காமல் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

இந்தக் களேபரத்தில் சாமி பின்பக்கமாக நழுவினார். ஜல்லியில் நொண்டியவர் மணலில் இறங்கியதும் மான்போல் ஓடினார். அவருடைய சிகிச்சைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பழக்கதோஷத்தில் வில்சன் மைக்கில், "நொண்டி நடந்தது! நொண்டி ஓடுகிறது!" என்று முழங்கிவிட்டு, கூட்டம் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் மைக்கைப் போட்டான். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த பாறைகளில் வெறுங்காலோடு ஏற முடியாமல் சாமி திண்டாடியபோது, வலை காய வைத்துக்கொண்டிருந்த மீனவர்கள் அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வந்து, கலவரம் கேட்டு வந்து நின்ற போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள்.

மறுநாள் காலை கலெக்டர் மாட்டாஸ்பத்திரியில் நின்றது. டாக்டர் ஆஃபியா சின்னப் பெண். காலில் கயிறு போட்டுத் தூக்கிக் கட்டச் சொன்னாள். இடுக்கி போன்ற ஒன்றால் குளம்பை ஓரம் ஓரமாக அழுத்திக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் கலெக்டர் துள்ளியது.

"இங்கதான்" என்றாள். "மூணு வாரமா இங்கதான் வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. ஏன்மா உடனே கூட்டிட்டு வரல?"

கெங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "வேற... வேற டாக்டராண்ட காட்டுனோம்மா."

ஆஃபியா கத்தியால் குளம்பின் அடியைச் சீவினாள். கறுப்பாக ஒரு புள்ளி. இன்னும் கொஞ்சம் சீவினாள். அடைபட்டுக் கிடந்த சீழ் பீச்சியடித்து, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கிருஷ்ணப்பனின் முகத்தில் அபிஷேகமானது. கூடவே வந்து விழுந்தது ஒரு துண்டு வெல்டிங் கம்பி. சாலையோரத்துப் பட்டறையில் யாரோ ஒரு வெல்டர் கடித்துப் போட்ட கரும்புச் சக்கை மாதிரி வீசியெறிந்தது. கலெக்டர் மேல் அவனுக்கு எந்தப் பொறாமையும் இல்லை.

புண்ணைக் கழுவி மருந்து வைத்தாள் ஆஃபியா. மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும் இல்லையா? புண்ணில்லாத பாதியின் அடியில் ஒரு மரக்கட்டையைப் பசை போட்டு ஒட்டினாள். பாரம் முழுவதையும் அது தாங்கிக்கொள்ளும், புண்ணுள்ள பாதி தரையில் படாமல் ஆறும் என்றாள். மருந்து உடம்பில் இருக்கிறவரை பாலை விற்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னாள். ரஹீமுன்னிசாவின் கடையில் அந்த வாரம் எல்லோரும் கடுங்காப்பி குடித்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வீடு வரை தார் ரோடு. கலெக்டர் டக்டக்கென்று நாலு காலையும் ஊன்றி நடந்தது. நெடுஞ்சாலைக்கு வந்ததும் பழையபடி நட்டநடுவில் நின்றது. லாரிகள் அலறின. அந்த அலறலைக் கேட்டுக் கெங்கம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற போக்குவரத்துக் காவலர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இது நம் ஊர்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் கெங்கம்மா கதவைத் திறந்தால் வாசலில் பத்துப் பதினைந்து பேர். கலெக்டரின் மரக்கட்டைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பமும் சுற்றியிருந்தார்கள். கட்டையில் ஊதுவத்தி செருக ஓட்டை தேடிக்கொண்டிருந்தார் ஒருவர். நன்றாகப் பார்த்தால் அதே மஞ்சள் சட்டைக்காரர்.

"இன்னாய்யா இது?" என்றாள் கெங்கம்மா.

"ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்ல எங்க வூட்டு மொட்டை மாடியிலேர்ந்து பாத்தேன்மா. கட்டை கட்னதும் மாடு நடந்துடுச்சு. சக்தியுள்ள கட்டை. என் ஆட்டுக்குக் கால் சரியில்ல, சும்மா ஒரு வாட்டி தொட்டுகினு போயிடறேன்."

உள்ளேயிருந்து கிருஷ்ணப்பன் எட்டிப் பார்த்தான். அவன் கண்ணில் ஒரு பளபளப்பு. "இந்தாமே, ஒரு தட்டு வெச்சா..." என்று ஆரம்பித்தான். கெங்கம்மா துடைப்பத்தை எடுத்ததும் எஞ்சிய வாக்கியத்தை விழுங்கிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அவள் பூவைப் பிய்த்து எறிந்தாள். ஒரு செம்புத் தண்ணீரால் மஞ்சளைக் கழுவினாள். பிறகு அந்தப் பத்துப் பதினைந்து முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஆட்டை ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய்யா. எல்லாரும் போங்க. மாட்டுக்கு நாலு காலு. ஒண்ணு நொண்டுனாலும் மீதி மூணுல நின்னுக்கும். நமக்கு மண்டையில கீறது ஒரே ஒரு மூளை. அது நொண்ட ஆரம்பிச்சா, இன்னாத்துல நிப்பே?"